சேர் ஐசாக் நியூற்றனும் ஏழு நிறங்களும்

1642ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஊல்ஸ்தோப் என்னும் சிற்றூரின் பண்ணை வீடொன்றில் ஐசாக் நியூற்றன் பிறந்தார். உரோமாபுரியிலோ அன்று 1643 ஜனவரி 4ஆம் திகதி. பாப்பரசர் 13ஆம் கிறகோரியார் 1582இல் திருத்திக் கொடுத்த நாட்காட்டி பாப்பரசரிடமிருந்து வந்தது என்பதால், புரட்டஸ்தாந்து இங்கிலாந்து அதனை 1752 வரை ஏற்காமல் இருந்தது. அக்காலத்து மத உணர்வு எத்தகையது என்பதை இச்சிறு விஷயமே காட்டும். நியூற்றனின் வரலாற்றில் நம் குருக்கள் சிலரும் வருவதால் இதனை முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

தகப்பன் மூன்று மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். குழந்தையோ குறைமாதத்தில் பிறந்தது. சிறியதொரு குவளைக்குள் அடங்கிவிடும் அளவில் இருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்வதுண்டு. மூன்று வயதானபோது தாய் ஹன்னா, அயலூர் அங்கிலிக்கன் போதகரான பர்னபாஸ் சிமித் என்பவரை மறுமணம் செய்து அவர் வீட்டுக்குப் போனார். பிள்ளை அம்மம்மாவிடம் விடப்பட்டது. தாய் இருந்த ஊர் கூப்பிடு தூரத்தில் இருந்தது என்றே சொல்லலாம். ஆயினும் எட்டு ஆண்டுகள் அவன் தாயோடு வாழவில்லை. 1653இல் போதகர் இறக்க, தாய் வேறு மூன்று பிள்ளைகளோடு திரும்பி வந்தார். அந்தக் காயம் ஆறவில்லை. 1662இல் பெந்தகோஸ்தே திருநாளை ஒட்டி, 19 வயது மாணவரான நியூற்றன் ஆத்தும சோதனை செய்து தம் பாவங்களைச் சுருக்கெழுத்தில் பட்டியலிட்டார். சிற்றப்பாவையும் தாயையும் வீட்டோடு கொளுத்திவிடுவதாகப் பயமுறுத்தியதும் அதில் ஒன்று. பாவசங்கீர்த்தனம் இல்லாத சபையில் வளர்ந்தவர், தாமே தமக்குக் குருவாயிருந்து எழுதிய பட்டியல் அது. எவரிடமும் எளிதில் நம்பிக்கை வையாத அவருடைய பிற்காலக் குணத்தைப் பார்க்கும்போது, அந்தப் பட்டியலை மறக்க முடிவதில்லை.

கிறந்தம் நகரப் பாடசாலையில் படித்தவரைத் தாய் நிறுத்திப் பண்ணை வேலையில் விட்டார். ஆடுகள் அயலார் வயலில் மேய, பையன் புத்தகத்தோடு வேலியோரம் இருந்தான். தாய்மாமனும் தலைமை ஆசிரியரும் பரிந்து பேசி மீண்டும் படிக்க அனுப்பினர். 1661இல் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையின் திரித்துவக் கல்லூரியில், மற்றவர்களுக்கு ஏவல் செய்து படிப்புச் செலவைக் குறைத்துக்கொள்ளும் ஏழை மாணவர் வரிசையில் சேர்ந்தார். தாய் ஓரளவு வசதியுள்ளவராயிருந்தும் இப்படி.

1665இல் கொள்ளைநோய் பரவியது. சர்வகலாசாலை மூடப்பட்டது. இடையிலே சில மாதங்கள் தவிர 1667 வரை நியூற்றன் ஊல்ஸ்தோப்பிலேயே தங்கினார். கணிதத்திலும் ஈர்ப்பு விசையிலும் அவர் அங்கே கண்டவை பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அப்பிள் கதையைச் சிறு பிள்ளையும் அறியும். இங்கே நாம் எடுத்துக்கொள்வது, அந்த ஆண்டுகளில் அவர் கையில் இருந்த ஒரு கண்ணாடித் துண்டை. மூன்று பட்டைகளாகத் தீட்டிய அத்துண்டை நம் பாடசாலைகளில் அரியம் என்பார்கள்.

அரியத்தை வெயிலில் பிடித்தால் நிறங்கள் தெரியும் என்பது அப்போது புதினமன்று. சந்தைகளில் விளையாட்டுப் பொருளாகவே அது விற்றது. அந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதே கேள்வி. அரிஸ்தோத்திலின் காலந்தொட்டு அறிஞர் பலரும், வெள்ளொளியே தூயது, கலப்பற்றது என்று கொண்டனர். அது கண்ணாடியூடாகவோ நீரூடாகவோ செல்லும்போது மாசுபடுகிறது, அல்லது இருளோடு கலக்கிறது; சிறிது கெட்டால் சிவப்பு, மிகக் கெட்டால் நீலம் என்பது அவர்கள் எண்ணம். அதாவது நிறத்தைக் கண்ணாடி உண்டாக்குகிறது. வெள்ளாடையில் சாயம் தோய்வது போல் எவர்க்கும் இயல்பாகத் தோன்றும் விளக்கம்தான்.

நியூற்றன் அறையை இருட்டாக்கி, சன்னற் கதவில் கால் அங்குலம் அளவான வட்டத் துளையிட்டு, வந்த கதிரை அரியத்தூடே விட்டு, 22 அடிக்கு அப்பாலுள்ள சுவரில் விழச் செய்தார். மற்றவர்கள் அரியத்துக்குப் பக்கத்திலேயே கடதாசியைப் பிடித்து நிறங்களைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அவர் தூரத்தில் விழச் செய்தபடியால், பிறர் காணாத ஒன்றைக் கண்டார். அன்று அறியப்பட்டிருந்த ஒளிமுறிவு விதிப்படி, அவர் அரியத்தை வைத்த நிலையில் சூரியனின் உருவம் வட்டமாக விழவேண்டும். விழுந்ததோ 13¼ அங்குல நீளமும் 2⅝ அங்குல அகலமும் கொண்ட ஒரு பட்டை. அகலத்தைப் போல் ஐந்து மடங்கு நீளம்! நிறங்களின் அழகில் மயங்காமல், நீளம் ஏன் என்று கேட்டதில்தான் அவருடைய மேதை இருக்கிறது என்பது எம் எண்ணம்.

கண்ணாடியின் தடிப்பு, துளையின் அளவு, கண்ணாடியிலுள்ள குறைபாடு என்று ஒவ்வொரு காரணமாகச் சோதித்து விலக்கினார். பின்னர் முடிவான பரிசோதனையைச் செய்தார். முதல் அரியத்தின் பின்னே சிறு துளையுள்ள பலகை. ஏறத்தாழ 12 அடிக்கு அப்பால் அதுபோன்ற இன்னொரு பலகை. அதன் பின்னே அசையாதபடி இரண்டாவது அரியம். முதல் அரியத்தை மெல்லத் திருப்பத் திருப்ப, நிறங்கள் ஒவ்வொன்றாக இரண்டு துளைகளையும் கடந்து இரண்டாம் அரியத்தில் விழும். கண்ணாடி நிறத்தை உண்டாக்குமானால், இரண்டாம் கண்ணாடி சிவப்பை வேறொன்றாக மாற்றவேண்டும். மாற்றவில்லை. சிவப்பு சிவப்பாகவே வெளிவந்தது, ஊதா ஊதாவாகவே வந்தது. ஆனால் ஒரே கோணத்தில் ஒரே கண்ணாடியில் விழுந்தும், சிவப்பு குறைவாகவும் ஊதா கூடுதலாகவும் வளைந்தன. ஆகவே வெள்ளொளி கலப்பற்றதன்று. பல்வேறு அளவில் முறியும் கதிர்கள் பல சேர்ந்ததே அது. அரியம் நிறத்தைப் படைக்கவில்லை, கூடியிருந்தவற்றைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த நிறங்களை வில்லையொன்றால் ஓரிடத்தில் குவித்தபோது அவை திரும்பவும் வெள்ளையாயின.

இன்றைய விஞ்ஞானம் இதற்கு மேலும் காரணம் சொல்லும். ஒளி ஒருவகை அலை. சிவப்பின் அலைநீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஏழு பங்கு, ஊதாவுடையது நான்கு பங்கு. வெற்றிடத்தில் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் செல்லும். கண்ணாடியினுள் புகுந்ததும் சிவப்பு சற்று விரைவாகவும் ஊதா சற்று மெதுவாகவும் செல்வதால், மெதுவானது கூடுதலாக வளைகிறது. சாதாரணக் கண்ணாடியின் முறிவுக்குணகம் சிவப்புக்கு 1.51 அளவு, ஊதாவுக்கு 1.53 அளவு. இந்தச் சிறு வித்தியாசமே சுவரில் அத்தனை நீளமாக விரிகிறது. பச்சை இலையைச் சிவப்பு ஒளியில் மட்டும் பார்த்தால் அது கறுத்துத் தோன்றும். திருப்பி அனுப்ப அதற்குப் பச்சைக் கதிர் கிடைப்பதில்லை.

வானவில்லுக்கும் விடை கிடைத்தது. மழைத்துளியினுள் கதிர் முறிந்து, தெறித்து, மீண்டும் முறிந்து வருவதே வானவில் என்று, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளங்களைக் கொண்டு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கியவர் சாமிநாதர் சபைத் துறவியான பிறைபேக் தியோடறிக். (இதனை நம்மவரே அறியார்.) நிறங்கள் ஏன் வரிசையாகப் பிரிகின்றன என்பது மட்டும் நியூற்றனுக்காகக் காத்திருந்தது. சிவப்பு 42 பாகை 2 கலையிலும், ஊதா 40 பாகை 17 கலையிலும் நம் கண்ணுக்கு வருகின்றன என்று அவர் கணக்கிட்டார்.

பரிசோதனை ஆர்வம் அவரை எல்லை மீறவும் வைத்தது. கண்ணாடியில் தெறித்த சூரியனை ஒற்றைக் கண்ணால் வெறித்துப் பார்த்து, பல நாள் இருட்டறையில் அடைந்து கிடந்தே பார்வையை மீட்டார். பிள்ளைகள் இதனைச் செய்து பார்க்கவே கூடாது.

1669இல், 26 வயதில், கேம்பிறிட்ஜில் கணிதப் பேராசிரியரானார். வில்லைகளினூடே செல்லும் ஒளி நிறங்களாகப் பிரிவதால் தொலைகாட்டியில் பொருள்களின் ஓரம் நிறக்கரை கட்டுகிறது. இதைத் தவிர்க்க, வில்லைக்குப் பதிலாகக் குழிவாடி வைத்த தெறிப்புத் தொலைகாட்டியைத் தம் கையாலேயே செய்தார். இலண்டன் றோயல் சொசைற்றி என்னும் விஞ்ஞானக் கழகம் அதைக் கண்டு வியந்து, 1672 ஜனவரியில் அவரை அங்கத்தவராக்கியது. அடுத்த மாதமே நிறங்கள் பற்றிய தம் கட்டுரையை அதற்கு அனுப்பினார். புகழ் வரும் என்று எதிர்பார்த்தவருக்கு வழக்குத்தான் வந்தது. கழகத்தின் பரிசோதனையாளர் றொபேட் ஹூக், நிறம் பற்றித் தமக்கிருந்த வேறு கொள்கையை விடாமல், கட்டுரையை அலட்சியமாக விமர்சித்தார். நியூற்றன் அதை வாழ்நாள் முழுவதும் மன்னிக்கவில்லை.

நம் குருக்கள் வருவது இங்கேதான். பாரிஸ் நகரில் யேசு சபைக் கல்லூரியில் கணிதம் கற்பித்த இஞ்ஞாஸ் பார்டி அடிகள் 1672 வசந்த காலத்தில் ஒரு மறுப்பு எழுதினார். சூரியனின் இரு ஓரங்களிலிருந்து வரும் கதிர்கள் வேறுவேறு கோணத்தில் அரியத்தில் படுவதால் பட்டை நீளக்கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதோடு நியூற்றனின் முடிவை ஒரு கருதுகோள் என்றும் குறிப்பிட்டார். நியூற்றனுக்குக் கோபம் வந்தது. தாம் சொன்னது ஊகமன்று என்றார். அடிகள் அதற்காக மன்னிப்புக் கேட்டு, பொலோஞா நகரின் யேசு சபைக் குரு கிறிமால்டி கண்டறிந்த ஒளியின் கோணலைக் கொண்டு இதனை விளக்க முடியாதா என்று மேலும் வினவினார். நியூற்றன் பொறுமையாகவே பதில் எழுதினார். இரண்டு அரியப் பரிசோதனையின் கருத்தை விளங்கிக்கொண்டதும், தமக்கு இனிச் சந்தேகம் எதுவும் இல்லையென அடிகள் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு பாரிசுக்கு அருகே பிசேற்றர் சிறையில் கைதிகளுக்கு ஆன்ம பணி செய்யும்போது தொற்றிய காய்ச்சலால் இறந்தார். வயது 36. நியூற்றனோடு வாதாடிய அனைவரிலும் தோல்வியை இவ்வளவு அழகாக ஏற்றவர் வேறெவருமில்லை.

அடுத்த வழக்கு அப்படி முடியவில்லை. இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருவாயிருப்பதே இராசத் துரோகமாக எண்ணப்பட்ட காலம் அது. ஆங்கிலேய யேசு சபையினர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் கல்லூரி வைத்திருந்தனர். அங்கே கணிதம் கற்பித்த பிரான்சிஸ் லைன் அடிகள் சிறந்த சூரியக் கடிகாரங்கள் செய்தவர். 1669இல் இலண்டன் வைற்ஹோல் மாளிகைத் தோட்டத்தில் இரண்டாம் சாள்ஸ் மன்னருக்கே ஒன்றை அமைத்துக் கொடுத்தவர். ஏறக்குறைய 80 வயதில், 1674இல், அவர் எழுதினார்: தெளிந்த வானத்தில் தாம் பலமுறை பார்த்தும் அப்படி நீண்ட பட்டையைக் காணவில்லை, முகில் ஒளியால் நியூற்றன் ஏமாந்திருக்கவேண்டும் என்பது அவர் வாதம். இதில் தவறு அடிகளுடையதே என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நியூற்றன் முதலில் பதில் எழுதவே மறுத்தார். 1675 நவம்பரில் லைன் அடிகள் இறந்தார். அவருடைய மாணாக்கர் கஸ்கோயின் வழக்கைத் தொடர்ந்தார். 1676 ஏப்ரலில் கழகத்தார் முன்னிலையில் பரிசோதனை செய்து காட்டப்பட்டது; நீண்ட பட்டை விழுந்தது.

அதன் பின் லியேஜிலிருந்து எழுதியவர் அந்தனி லூக்கஸ் அடிகள். அவர் பரிசோதனையைத் தாமே கவனமாகச் செய்து பார்த்து, நீண்ட பட்டை விழுவது உண்மை என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் தம் பட்டையின் நீளம் அகலத்தைப் போல் மூன்று, மிஞ்சினால் மூன்றரை மடங்குதான், ஐந்து மடங்கல்ல என்று அறிவித்தார். வேறு பல பரிசோதனைகளையும் எழுதி, நியூற்றனின் கொள்கையோடு பொருந்தாதவை என்று நினைத்தவற்றைக் காட்டினார். நியூற்றன் அரியத்தின் கோணத்தையும் வானிலையையும் குறை கூறினார். மற்றப் பரிசோதனைகளை விட்டுவிட்டு இரண்டு அரியப் பரிசோதனையை மட்டும் பார்க்கும்படி சொன்னார். கொள்கையைப் பொறுத்தவரை அவர் கேட்டது சரியே. ஆனால் மூன்றரை என்ற அந்த எண் அங்கேயே நின்றது. லூக்கஸ் அடிகள் கண்ணால் அளந்ததை மாற்றிச் சொல்ல மறுத்தார். 1678இல் கடுஞ்சொற்களோடு நியூற்றன் கடிதப் போக்குவரத்தை முறித்துக்கொண்டு, இனி அவர் கடிதங்கள் தம்மிடம் வரக்கூடாது என்றார்.

அதே ஆண்டில்தான் ரைற்றஸ் ஓற்ஸ் என்பவன், கத்தோலிக்கர் மன்னரைக் கொல்லச் சதி செய்வதாகப் பொய் கட்டினான். நியூற்றனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பொய்யினால் 1679 யூன் 20ஆம் திகதி இலண்டன் ரைபேர்ணில் ஐந்து யேசு சபைக் குருக்கள் தூக்கிலிடப்பட்டனர். 1929இல் அவர்கள் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவிக்கப்பட்டனர். அரியத்தைப் பற்றிய கடிதங்கள் கடலைக் கடந்து போய்வந்தது இப்படிப்பட்ட நாட்களில் என்பதை மனத்திற்கொண்டால், லியேஜ் குருக்களின் பிடிவாதத்தையும் நியூற்றனின் சந்தேகத்தையும் சற்று இரக்கத்தோடு பார்க்கலாம்.

அதன்பின் நியூற்றன் பல ஆண்டுகள் தம் அறையிலே ஒதுங்கினார். ஈர்ப்பு விதி பற்றிய பெருநூல், வானியலாளர் ஹலியின் தூண்டுதலால் 1687இல் வெளிவந்தது. அதே ஆண்டு இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், அல்பன் பிரான்சிஸ் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவிக்கு, புரட்டஸ்தாந்து சத்தியப்பிரமாணம் இல்லாமலே எம்.ஏ. பட்டம் வழங்கும்படி கேம்பிறிட்ஜுக்குக் கட்டளையிட்டார். சர்வகலாசாலை மறுத்தது. மன்னரின் விசாரணைச் சபை முன் சென்று அம்மறுப்பை ஆதரித்தவர்களில் நியூற்றனும் ஒருவர். விட்டுக்கொடுக்கவே கூடாதென்று உறுதியாய் நின்றவரும் அவரே. அந்நியருக்கு அதே பட்டம் பிரமாணமின்றிக் கொடுக்கப்பட்டதுண்டு. ஒரு துறவிக்குத்தான் கதவு அடைபட்டது. நமக்கு இது கசப்பான செய்தி. ஆயினும் கொடுங்கோலர் என்று பெயரெடுத்த நீதிபதி ஜெவ்றீஸின் முன் அஞ்சாமல் நின்றார் என்பதையும் மறைப்பது நியாயமாகாது.

1696இல் இலண்டன் நாணயசாலைக்குப் பொறுப்பாளராகச் சென்றார். 1703இல் ஹூக் இறந்தார். அவ்வாண்டே நியூற்றன் கழகத்தின் தலைவரானார். மறு ஆண்டே, முப்பது ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்த ஒளியியல் நூலை வெளியிட்டார். ஹூக் உயிரோடிருக்கும்வரை அதை வெளியிட அவருக்கு மனம் வரவில்லை. பெருநூலை இலத்தீனில் எழுதியவர் இதனை ஆங்கிலத்தில், பரிசோதனைகளை எவரும் செய்து பார்க்கக்கூடியவாறு எழுதினார். நிறங்கள் ஏழு என்று நாம் படிப்பதும் அவர் வகுத்ததே. உண்மையில் நிறமாலையில் கோடு கிழித்த எல்லைகள் இல்லை. ஒன்று மற்றொன்றாக மெல்ல மாறுகிறது. முதலில் ஐந்து என எண்ணியவர், இசையின் ஏழு சுரங்களோடு இசையவேண்டும் என்ற விருப்பத்தால் செம்மஞ்சளையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். கருநீலத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடும் மாணவர்கள் ஆறுதல் அடையலாம்.

அவருடைய சமயம் பற்றியும் சொல்லவேண்டும். வேதாகமத்தை அவரளவு ஊன்றிப் படித்த விஞ்ஞானி அரிது. ஆனால் அந்தப் படிப்பின் முடிவில் அவர் பரிசுத்த திரித்துவத்தை இரகசியமாக மறுத்தார். திரித்துவக் கல்லூரியின் அங்கத்தவர் குருப்பட்டம் பெறவேண்டும் என்ற விதியிலிருந்து 1675இல் அரச விலக்குப் பெற்று, பிரமாணத்தைத் தவிர்த்துக்கொண்டார். மரணப் படுக்கையில் தம் சபையின் நற்கருணையையும் மறுத்தார் என உறவினர் குறிப்பெழுதியுள்ளனர். இவை பற்றிய கையெழுத்துப் பிரதிகள் 1936இல் இலண்டனில் ஏலம் விடப்பட்ட பின்பே பரவலாக அறியப்பட்டன. பெரும் பகுதி இன்று எருசலேமில் இருக்கிறது. அவருடைய பெருநூலுக்கு 1739க்கும் 1742க்கும் இடையில் விரிவான உரை எழுதி வெளியிட்டவர்களோ உரோமாபுரியில், திரித்துவத்தின் பெயரையே தாங்கிய மலைக்கோவில் மடத்துத் துறவிகளான லெசேயரும் ஜக்கியேயும். மறுத்தவரிடமும் உண்மை இருந்தால் படித்துத்தான் ஆகவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1727 மார்ச் 20ஆம் திகதி, பழைய கணக்கின்படி, தம் 84ஆம் வயதில் நியூற்றன் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்தனர். 1755இல் திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தில் நிறுவிய சலவைக்கல் உருவத்தின் கைகளில் அரியமே இருக்கிறது.

அந்த மூன்றரை என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல மிச்சமுண்டு. எல்லாக் கண்ணாடியும் ஒரே விகிதத்தில்தான் நிறங்களைப் பிரிக்கும் என்று நியூற்றன் நம்பினார். ஆகவே வில்லைத் தொலைகாட்டியின் நிறக்கரையை ஒருநாளும் நீக்க முடியாது என்று எழுதிவிட்டார். அவருடைய பெயருக்கு அஞ்சி நெடுங்காலம் பெரும்பாலோர் அதை முயலவில்லை. 1733இல் செஸ்ரர் மூர் ஹோல் என்ற வழக்கறிஞர் இருவகைக் கண்ணாடி வில்லைகளைச் சேர்த்து முதன்முதல் அதை நீக்கினார். 1758இல் இலண்டன் கண்ணாடி வினைஞர் ஜோன் டொலன்ட் அதற்கு உரிமைச் சாசனமும் பெற்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒருவகைக் கண்ணாடி நிறங்களைக் கூடுதலாகவும், இன்னொருவகை குறைவாகவும் பிரிக்கும் என்பதே அதன் இரகசியம். லியேஜில் லூக்கஸ் அடிகள் வைத்திருந்த கண்ணாடி, கேம்பிறிட்ஜ் கண்ணாடியைப் போன்றதல்ல. இருவரும் சரியாகத்தான் அளந்திருந்தார்கள்.